படுக்கையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்

தொண்ணூறுகளின் நடுவில், தேனாம்பேட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். வெளியிலிருந்து வரும் அழைப்புகளை உள்ளே யாருக்கு வேண்டுமோ அவருக்கு இணைத்துக் கொடுக்கும் வேலை. எழுதக் கை வேண்டும் என்பதால் ரிசீவரை இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வது பழக்கம். ஒருநாள் அப்படி இடுக்கியபோது கழுத்தில் ஏதோ உறுத்தியது. தடவிப் பார்த்தேன். தோலுக்கு அடியில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி.

வலி இல்லை. வலிக்காததால் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது அப்படி ஒரு கட்டி இருந்தால், அந்த நினைப்பை நம்பாதீர்கள்.

சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுட்டது. ரவிக்கை தொளதொளவென்று ஆனது. மயிலாப்பூரில் எங்கள் தெருமுனை டாக்டர், தொண்டையில் கிருமி என்று மாத்திரை கொடுத்தார். கட்டி கரையவில்லை. அதற்குக் கீழே இன்னொன்று வந்தது. கொண்டையைத் தாழ்த்திப் போட்டு, புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்து, ரிசீவரை வலது பக்கம் மாற்றிக்கொண்டேன்.

டெலிபோன் போர்டில் என்னோடு முறை மாற்றி உட்காரும் வசந்தாதான் முதலில் கண்டுபிடித்தாள். ஆதம்பாக்கத்திலிருந்து வருபவள். என்னைவிட இளையவள். "இன்னாக்கா அது கழுத்துல? பெரிய ஆஸ்பத்திரில காட்டுக்கா. நமக்குத்தான் இன்ஷூரன்ஸ் கீதுல்ல?" என்றாள்.

இருந்தது. அந்த வேலையில் எனக்கிருந்த பெருமையே அதுதான். கம்பெனி ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தது. தியாகராய நகர் ஜவுளிக் கடையில் விற்பனையாளராக இருந்த என் கணவருக்கு அப்படி எதுவும் கிடையாது. கோயில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து அந்தக் கடையில் சேர்ந்தவர். ஊரிலிருந்து யார் வந்தாலும், "என் வீட்டுக்காரி கம்பெனியில ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் அவங்களே பாத்துக்கிடுவாங்க" என்று சொல்லாமல் விடமாட்டார்.

அடையாற்றில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். கம்பெனியின் கடிதத்தை நீட்டியதும் முகப்பில் இருந்த பெண் எழுந்து நின்று பேசினாள். அறுவைச் சிகிச்சை நிபுணர் கழுத்தை மெதுவாக அழுத்திப் பார்த்தார். பிறகு அக்குளையும்.

"ஒரு கட்டியை எடுத்து பயாப்ஸி (திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் சோதனை) பண்ணணும்மா. அட்மிட் ஆயிடுங்க."

"கேன்சரா சார்?" என்று என் கணவர் கேட்டார். நான் கேட்க நினைத்து வாய் வராத வார்த்தை அது.

"லிம்போமாவா (நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய்) இருக்கலாம். வேற எதுவாவும் இருக்கலாம். பாத்துட்டுச் சொல்றேனே."

ஏசி அறை. சுவர் முழுவதும் வெளிர்பச்சை. கேட்காமலே காப்பி வந்தது. மயக்கம் தெளிந்தபோது கழுத்தில் தடிமனான கட்டு. இவ்வளவு வசதியான இடத்தில் அதற்கு முன் நான் தூங்கியதில்லை. அந்த வசதிதான் என்னைப் பயமுறுத்தியது. சாதாரண நோய்க்கு யாராவது இவ்வளவு செய்வார்களா?

முடிவு வரும்வரை வீட்டில் இருந்தேன். அந்த நாட்களைப் பற்றி எழுதுவது கடினம். ஐந்து வயது மகள் யாழினி என் மடியில் ஏறினால், இவளுக்கு யார் தலைபின்னுவார்கள் என்று மனம் ஓடும். கணவர் கடைக்குப் போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பார். அவரும் அதே கணக்கைப் போடுகிறார் என்று தெரியும்.

"நல்ல செய்தி. கேன்சர் இல்ல. டிபிதான். கழுத்துக் கணுவுல வர்ற காசநோய். மாத்திரையிலேயே சரியாயிடும்," என்றார் டாக்டர்.

என் கணவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் சிரித்தேன். மாடிப்படி இறங்கும்வரை அந்தச் சிரிப்பு இருந்தது. கடைசிப் படியில்தான் 'டிபி' என்ற சொல் காதில் விழுந்ததுபோல் இருந்தது. கம்பெனிக் கடிதத்தின் பேரில் சேர்ந்ததால் மருத்துவமனையின் பில்லும், என்ன நோய் என்று எழுதிய அறிக்கையும் கம்பெனி வழியாகத்தான் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போகும். புற்றுநோய் என்றிருந்தால் எல்லோரும் இரக்கப்பட்டிருப்பார்கள். இதற்கு என்ன செய்வார்கள்?

என்ன செய்வார்கள் என்பது வேலைக்குத் திரும்பிய அன்றே தெரிந்தது. பர்சனல் மேனேஜர் அழைத்தார். அவருடைய ஏசி அறையில் ஜன்னல் திறந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"உக்காருங்கம்மா. இல்ல, அங்கயே... அந்தச் சேர்ல. தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு பேரு ஒரே ரிசீவர்ல பேசற வேலை. வசந்தா ரொம்பப் பயப்படறாங்க. அவங்களுக்கும் சின்னக் குழந்தை இருக்கு."

"இது தொத்தாதுன்னு டாக்டர் சொன்னாரு சார்."

"அதை ஒரு சர்ட்டிஃபிகேட்டா கொண்டு வாங்க. அதுவரைக்கும் லீவுல இருங்க. ட்ரீட்மென்டுக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கே, என்ன கவலை?"

அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அந்த இன்ஷூரன்ஸ் படுக்கையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும். வீடு திரும்பிய பிறகு கொஞ்ச காலத்துக்கு மருந்துச் செலவு கிடைக்கும். அதற்கு மேல் கிடையாது. என் நோய்க்குப் படுக்கை தேவையில்லை. பல மாதங்கள் விடாமல் மாத்திரைதான் தேவை. கட்டியை வெட்டிப் பார்க்கக் கம்பெனி துணை வந்தது, குணமாவதற்கு வராது. வேலையே போய்விட்டால் எதற்குமே வராது.

வெளியே வந்தபோது வசந்தா போர்டில் இருந்தாள். தலை நிமிரவில்லை. அழைப்பு வந்ததைக் காட்டும் விளக்கு எதுவும் எரியாதபோதும் "ஹோல்ட் பண்ணுங்க" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

தையல் பிரிக்கப் போனபோது அடையாறு டாக்டரே வழி சொன்னார். "இதுக்கு முழு மருந்தும் கவர்ன்மென்ட்லயே இலவசமா தர்றாங்க. அங்க பதிஞ்சுக்குங்க."

நான் மாட்டேன் என்றேன். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள், அங்கே இருமுகிறவர்களிடமிருந்து இல்லாத நோயும் வந்துவிடும் என்று அடுக்கினேன். வீட்டுக்கு வரும்வரை என் கணவர் கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்: "எங்க கடையில யாருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு? காச்சல்னா நாங்க எங்க போறோம்? அங்கதான் போறோம். நாங்க என்ன செத்தா போய்ட்டோம்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் கல்யாணமாகி அத்தனை வருடத்தில் 'நாங்க' என்று என்னை வெளியே நிறுத்தி அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

எங்கள் பகுதிக்கான அரசு காசநோய் மையம் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. தாழ்வாரம் முழுக்க ஆட்கள். உட்கார இடமில்லை. முக்காடு போட்டுக்கொண்டு, மூச்சைச் சிறிது சிறிதாக இழுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றேன். பின்னால் யாராவது இருமும்போதெல்லாம் என் தோள் தானாகக் குறுகியது. என்னைக் கண்டு ஜன்னலைத் திறந்து வைத்தவர் நினைவுக்கு வந்தார்.

அங்கிருந்த டாக்டர் ஐம்பது வயதிருக்கும் பெண்மணி. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சளிப் பரிசோதனைச் சீட்டையும் பார்த்தார்.

"நுரையீரல் சுத்தமா இருக்கு. கழுத்தோட சரி. வீட்டுல குழந்தை இருக்கா?"

"இருக்கா டாக்டர். பொண்ணு. தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வச்சிருக்கேன்."

"தூக்கறியா அவள?"

"இல்ல டாக்டர்."

"எதுக்கு? போய்த் தூக்கு." அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். தாழ்வாரத்தில் முக்காட்டுக்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

சிகிச்சை சுலபமாக இல்லை. உங்களிடம் அதை மறைக்க விரும்பவில்லை. ரிஃபாம்பிசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் முக்கிய மருந்து) சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். முன்பே சொல்லியிருந்தும், முதல் நாள் பார்த்தபோது ரத்தம் என்று கத்திவிட்டேன். முழங்கால் வலித்தது. சோற்றைக் கண்டாலே குமட்டியது. தினமும் கண்ணாடி முன் இமையை இழுத்து, மாத்திரையால் ஈரல் கெட்டு மஞ்சள் காமாலை வந்துவிட்டதா என்று பார்ப்பேன். ஒருமுறை மையத்தில் ஒரு மாத்திரை தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம் வரும் என்றார்கள். என் கணவர் கடையில் முன்பணம் வாங்கி வெளியே வாங்கிவந்தார். வாங்க முடியாதவர்கள் அந்த வாரம் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

சில மாதங்கள் கழித்து, எடை கூடத் தொடங்கிய நேரத்தில், வெட்டிய தழும்புக்குக் கீழே மறுபடியும் வீங்கியது. மருந்து கேட்கவில்லை, அல்லது பயாப்ஸியே தவறு, இது புற்றுநோய்தான் என்று முடிவுகட்டினேன். அடையாறு மருத்துவமனையின் வெளிர்பச்சைச் சுவருக்காக ஏங்கினேன். ஆனால் கடிதம் வேண்டுமென்றால் மேனேஜரிடம்தான் போகவேண்டும். மையத்துக்கு ஓடினேன்.

டாக்டர் தடவிப் பார்த்தார். "மருந்து வேலை செய்யும்போதே சில பேருக்கு இப்படி வீங்கும். கிருமி சாகும்போது உடம்பு போடற சண்டை. பயந்து நிறுத்திட்டு வேற எங்கயாவது போயிடாத. அதுதான் ஆபத்து."

நிறுத்தவில்லை. நம்பிக்கையால் என்று சொல்லமாட்டேன். போக வேறு இடமில்லாததால். வீக்கம் மெல்ல வடிந்தது.

அதுவரை கேட்கத் தயங்கிய சான்றிதழையும், வீக்கத்தைக் காட்ட ஓடிய அன்றே டாக்டரிடம் கேட்டிருந்தேன். இவரால் பிறருக்குத் தொற்றாது, வேலை செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டு, "நான் எழுதித் தரலாம். நம்பறது அவங்க கையில இருக்கு," என்றார்.

பாதி நம்பினார்கள். கம்பெனி டாக்டரிடம் கேட்டுவிட்டு என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எனக்கென்று தனி ரிசீவர் வந்தது. ஒவ்வொரு முறை மாறும்போதும் வசந்தா டெட்டால் நனைத்த பஞ்சால் நாற்காலிக் கைப்பிடியைத் துடைப்பாள். எனக்குத் தெரியாமல் செய்ய முயல்வாள். பழையபடி 'அக்கா' என்று கூப்பிடவில்லை. நானும் கூப்பிட வைக்கவில்லை.

சிகிச்சை முடியும் தறுவாயில் ஒருநாள், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த அறைக்கு அவள் வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நீ போற அந்த எடம் எங்க கீது?"

"எதுக்கு?"

"எங்க வூட்டுக்காரருக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. நேத்து சளில ரத்தம் வந்துச்சுக்கா." அவளுடைய கணவன் ஆட்டோ ஓட்டுபவன். கம்பெனி இன்ஷூரன்ஸில் அவன் பெயரும் உண்டு.

"அடையார்லயே காட்டலாமே. லெட்டர் வாங்கிக்கோ."

அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "லெட்டர் வாங்கினா இன்னா வியாதின்னு தெரிஞ்சுடும்ல? உன்ன இன்னா பண்ணாங்கன்னு நான்தான் பாத்தேனே."

எனக்குக் கோபம் வந்தது. 'பார்த்தாயா? செய்ததே நீதானே?' என்று நாக்கு நுனிவரை வந்தது. அவளோ என் சாப்பாட்டு டப்பாவின் மூடியை எடுத்து மூடவும் திறக்கவுமாக இருந்தாள். அந்த டப்பாவை அவள் தொட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

"உங்க வீட்டுப் பக்கத்துலயும் இருக்கும்," என்றேன்.

"அங்க வேணாங்க்கா. ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கத் தெரிஞ்சவங்க."

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு அவர்களைக் கூட்டிப்போனேன். தாழ்வாரத்தில் அவனுக்குப் பக்கத்தில் நிற்க எனக்குப் பயமாக இருந்தது. நின்றேன். டாக்டர் சளியைப் பரிசோதிக்கச் சொன்னார். கிருமி இருந்தது. மருந்தைத் தொடங்கிவிட்டு, மீதியை வீட்டுக்குப் பக்கத்து மையத்தில் வாங்கிக்கொள்ளக் கடிதம் கொடுத்தார். வசந்தாவையும் குழந்தையையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

அவளுடைய எக்ஸ்ரே எடுத்த அன்று நானும் கடைசி மாத்திரைகளுக்காகப் போயிருந்தேன். டாக்டர் என் கழுத்தைத் தடவி, "இனிமே வரவேணாம். ஏதாவது தெரிஞ்சா மட்டும் வா," என்றார். சந்தோஷப்பட வேண்டிய சொற்கள். எனக்கு என்னவோ கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் நிற்பதுபோல் இருந்தது. இனி என் உடம்பை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அது என்னிடம் உண்மையைச் சொல்லும் என்று நம்ப வேண்டும். இன்றும் அதை முழுதாக நம்பவில்லை. சாயங்காலம் வந்தால் கை தானாக நெற்றிக்குப் போகிறது. சூடு இல்லையென்றால் ஒரு சாயங்காலம் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். நாட்களை நான் அப்படித்தான் வாங்கிக்கொள்கிறேன், ஒவ்வொன்றாக.

அன்று அலுவலகத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் சேர்ந்து இடம் கிடைத்தது. வசந்தாவின் எக்ஸ்ரே முடிவு மறுநாள்தான் வரும். இரவெல்லாம் தூங்கவில்லை என்றாள். ஆழ்வார்ப்பேட்டை தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவளுடைய மூச்சு என் கழுத்தில், தழும்பின் மேல், சூடாகப் பட்டது.

அவளுக்கும் இருந்தால்? இவ்வளவும் மறுபடியும் முதலிலிருந்தா? நகர்ந்து உட்கார இடம் இருந்தது. ஜன்னலை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டேன். காற்று வந்தது. நான் நகரவில்லை. தேனாம்பேட்டை சிக்னலில் பஸ் வெகுநேரம் நின்றது. அவள் தூங்கட்டும் என்று அப்படியே இருந்தேன்.