பதினோராவது பெயர்

அந்தப் புறநகரில் பழைய சின்னங்கள் நாலைந்து உண்டு. மூடிப்போன ரயில் நிறுத்தம், முதல் தபால் நிலையம், மணிக்கூண்டு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு வரி எழுதி வைத்திருக்கும். யாரும் நின்று படிப்பதில்லை. பூங்காவுக்குள் இருந்த தண்ணீர்த் தொட்டி நினைவுக்கல்லை மட்டும் பூங்காக்காரம்மா தினமும் துடைப்பாள். பெருக்குவதுதான் அவள் வேலை. கல்லைத் துடைக்கச் சொன்னவர் யாருமில்லை.

தொட்டி கட்டும்போது சாரம் சரிந்து செத்த பதினொரு பேரின் பெயர் அதில் இருந்தது. பதினோராவது அவள் புருஷன் பெயர். ஆளோ குத்துக்கல்லாட்டம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

நடந்தது இதுதான். அங்கே வேலைக்குப் போகிறவனுக்கு எண் போட்ட பித்தளை வில்லை ஒன்று கொடுப்பார்கள். வாசலில் பார்ப்பது வில்லையைத்தான், முகத்தை இல்லை. ஒருத்தனுக்கு முடியாவிட்டால் வீட்டில் இன்னொருத்தன் அதை மாட்டிக்கொண்டு போவான். அன்றைக்கு இவருக்குக் காய்ச்சல். "நீ படு மாப்ளே, நான் போயிட்டு வர்றேன்" என்று வில்லையை எடுத்துக்கொண்டு போன அவளுடைய அண்ணன் பொணமாகத்தான் வந்தான்.

வில்லை கைமாறும் கதை வெளியே தெரிந்தால் எல்லார் பிழைப்பிலும் மண் என்று மேஸ்திரி வாயை அடைத்துவிட்டார். பல வருஷம் கழித்து நகராட்சி கல் நட்டபோது, பழைய வில்லைப் பட்டியலைப் பார்த்துப் பெயர் வெட்டினார்கள். தெருவில் இவருக்குக் ‘கல்வெட்டு’ என்றே பட்டப்பெயர் விழுந்தது. அது வேறு ஆள், என் பேர்க்காரன் என்று சிரித்து மழுப்புவார். மச்சானைக் காவு கொடுத்தவன் என்று ஊர் சொல்லிவிடுமே என்று பயம். அவளோ அந்தப் பெயரில் கை வைக்கும்போதெல்லாம் அண்ணனைத்தான் தொட்டாள்.

இந்த வருஷம் கல்லை எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைக்கப்போவதாகவும், பிழை இருந்தால் சொல்லலாம் என்றும் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரு வாரம் அவள் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு சொன்னாள்:

"நாப்பது வருஷமா உங்க பேருக்குள்ள எங்கண்ணனை ஒளிச்சு வச்சிருக்கேன். போதுங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நகராட்சி எழுத்தரிடம் எல்லாவற்றையும் கொட்டினார், அடையாள அட்டையைக் காட்டினார், கைநாட்டு வைத்தார்.

பலகை வந்தது. பத்தே பெயர். அவள் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாக எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். அண்ணன் இல்லை.

இரண்டு பேரும் விழுந்தடித்துப் போனார்கள். எழுத்தர் தன்மையான மனுஷர். நாற்காலி போட்டு உட்கார வைத்து விளக்கினார். இவர் உயிரோடிருப்பதற்கு இவரே சாட்சி. அண்ணன் அங்கே செத்ததற்கு எந்தக் காகிதமும் இல்லை, மேஸ்திரியும் போய்ச் சேர்ந்தாயிற்று.

கிழவர் எழுந்து மேஜையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ என் பேரையே திரும்பப் போட்டுடுங்க தம்பி. அது இருந்தாலும் இவ போய் நிப்பா."

"எதிர்ல நிக்கிறீங்களே ஐயா. செத்தவர்னு நான் எப்படி எழுதுவேன்?"

"நான் இனிமே இந்தப் பக்கமே வரல. செத்ததா நெனச்சுக்கோங்களேன்."

அவள்தான் புருஷன் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

மறுவாரம் மேற்பார்வையாளரிடம் போய், பேருந்து நிலையத்துக்கு வேலையை மாற்றித் தரச் சொன்னாள். பூங்காவிலேயே இருந்துவிட்டு இப்போது என்ன வந்தது என்று அவர் கேட்டார்.

"இப்ப அங்க எங்க ஆள் யாரும் இல்லீங்க" என்றாள்.