கொறடாவுக்குக் கிடைக்காத ஓட்டு

முப்பது வருடமாக லண்டனில் நோயாளிகளைத் தூக்கியும் நகர்த்தியும் பிழைத்தவள் நர்ஸ் எட்னா பர்கிஸ். அன்று அவள் பொறுப்பில் இருந்தவர் எம்.பி. ட்ரான்டர், நுரையீரல் நோயாளி. வெளிநாட்டுக்குப் படை அனுப்பலாமா என்று ஓட்டெடுப்பு. அனுப்பலாம் என்பது அவருடைய கட்சியின் நிலை.

ஆம்புலன்ஸ் நாடாளுமன்ற முற்றத்தில் நின்றது. நடக்க முடியாத உறுப்பினரைக் கட்சிக் கொறடா வந்து பார்த்து, கட்சிக் கணக்கில் சேர்த்துவிடுவது அங்கே வழக்கம்.

கொறடா எட்டிப் பார்த்தார். "மூச்சு இருக்குல்ல? போதும். நம்ம பக்கம் ஒண்ணு."

"என் மனசு ஒப்பல. என் ஓட்டு எதிர்ப்பக்கம்," என்றார் ட்ரான்டர்.

"அப்ப நீங்களே உள்ள வந்து போடுங்க."

ஓட்டெடுப்பு மணி அடித்துவிட்டது. ஆதரிப்போருக்கு ஒரு வாசல், எதிர்ப்போருக்கு இன்னொன்று; உள்ளே போய்ப் பெயர் கொடுத்தால் அதுதான் ஓட்டு. கதவைச் சாத்துவதற்குள் போயாக வேண்டும்.

"வழி விடுங்க சார், கால்ல ஏத்திடுவேன்," என்று எட்னா சக்கர நாற்காலியை இறக்கி ஓட்டமாக ஓடினாள். ஆக்ஸிஜன் உருளை கடகடத்தது.

"சிஸ்டர், மெதுவா..."

"பேசாதீங்க ஐயா. உள்ள போய்ப் பேர் சொல்ல மூச்சு வேணும்."

எதிர்ப்போர் நுழையும் வாசலில் காவலர் கதவில் கை வைத்திருந்தார். எட்னா நிற்கவில்லை. நாற்காலியை உள்ளே ஒரே தள்ளாகத் தள்ளினாள். கதவு மூடும்போது, "ட்ரான்டர்," என்று அவர் உரக்கத் தன் பெயரைக் கொடுப்பது கேட்டது.