கொப்பியில் இருந்த மகாதேசாதிபதி

பாராளுமன்றத்தில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல், புது அரசாங்கம் சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான முதல் வாக்கெடுப்பிலேயே தோற்ற வருடம் அது. திருகோணமலையில் நான் குடியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மகாராணியின் பிரதிநிதியாக நாட்டின் தலைமையில் இருந்த மகாதேசாதிபதி மாலை வாங்கவும் கையெழுத்துப் போடவும் மட்டும் இருப்பவர் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். நான் விடவில்லை. நெருக்கடி வந்தால் அவருக்கு என்ன அதிகாரம் என்று மேசையில் தட்டித் தட்டி விளக்கினேன். அன்று என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

அப்போது நானும் ஒரு பெயரளவுத் தலைவர்தான். துறைமுகத் தொழிலாளரின் வாசிகசாலைக்கு ஒரு வாத்தியாரைத் தலைவராக வைப்பது வழக்கம். ஆண்டு விழாவில் விளக்கேற்றுவேன், கூட்டக் குறிப்பில் ஒப்பமிடுவேன், கேக் சாப்பிடுவேன். வேலையெல்லாம் பொறுப்பாளராக இருந்த, ஊரே அக்கா என்று கூப்பிட்ட பெண்ணுடையது. வெள்ளைக்காரக் கடற்படை போனதோடு வேலை இழந்த தமையனையும் அந்தச் சம்பளத்தில்தான் அக்கா பார்த்துவந்தார்.

பின்னேரங்களில் பெண்பிள்ளைகள் வந்து அமர்ந்து வாசிக்க அவர் ஒரு வாங்கை ஒதுக்கினார். ஆண்கள் கூடும் இடத்தில் பெண்பிள்ளைகளா என்று சிலர் கிளம்ப, வந்தது வினை. அவருடைய பதவியை வருடா வருடம் செயற்குழு புதுப்பிக்க வேண்டும். அந்த முறை ஆதரவாக நாலு கை, எதிராக நாலு கை. சமமானால் தலைவர் வாக்களிக்கலாம். அளிக்காவிட்டால் அக்காவின் பதவி போய்விடும்.

"சேர், நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று காரியதரிசி கேட்டார்.

எதிர்த்து உயர்ந்த கைகளில் ஒன்று என் மாமனாருடையது. எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடிந்ததும் மனைவி வீட்டுக்குக் குடிபோனவன் நான். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

"நான் மகாதேசாதிபதி மாதிரி. பக்கம் எடுக்க ஏலாது," என்றேன்.

சிலர் மெச்சிச் சிரித்தார்கள். பயத்துக்குச் சட்டம் என்று பெயர் வைத்துவிட்டு நானும் சிரித்தேன். ஊருக்குத்தான் உபதேசம்.

மறுநாள் காலை அக்கா வாசிகசாலைப் பூட்டின் திறப்போடு வீட்டுக்கு வந்தார். விறாந்தைக் கதிரையில் இருந்த மாமா கையை நீட்டினார். அக்கா அவரைக் கடந்து என்னிடம் வந்தார்.

"திறப்பைத் தலைவரிட்டத்தான் குடுக்கோணும் எண்டு விதியில இருக்கு, சேர்."

பிறகு ஒரு கொப்பியையும் தந்தார். "உங்கட வகுப்புப் பிள்ளை ஒண்டு வாங்கில விட்டிட்டுப் போட்டுது. இனி அதுகள் அங்க வராதுகள். நீங்கள் குடுத்துவிடுங்கோ."

அவர் படலையைச் சாத்திக்கொண்டு போனபின் கொப்பியைப் பிரித்தேன். நான் நடத்திய பாடம், சொல்லுக்குச் சொல்: "வழி அடைபட்ட நேரத்தில் தலைவர் தன் புத்தியைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். அப்போது ஒதுங்கி நிற்பது கடமை தவறுவதாகும்." கீழே சிவப்பு மையில் என் 'சரி'யும் கையெழுத்தும்.

அக்கா அதை வாசித்திருக்க மாட்டார் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாசிகசாலையில் கிடந்த எதையும் அவர் வாசிக்காமல் விட்டதில்லை.