மண்ணெண்ணெயில் ஓடிய விண்கலம்

நல்ல விஞ்ஞானக் கதை ஒன்று சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் என் வாயில் ஒரே புத்தகம்தான் வரும். எரிபொருள் தீர்ந்து, தெரியாத கிரகம் ஒன்றில் தனியே அகப்பட்டுக்கொண்ட ஒருவனின் கதை. யாழ்ப்பாண டவுனில் இருந்த என் முஸ்லிம் தோழி, தான் பாதி வாசித்த கையோடு எனக்குத் தந்தாள். "வாசிச்சிட்டுக் கெதியாத் தா. முடிவை மட்டும் சொல்லிப்போடாதை" என்றாள். தொண்ணூறாம் ஆண்டு, அந்தக் கிழமை முடியுமுன்னமே இயக்கக்காரர் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரைவிட்டு விரட்டினார்கள். புத்தகம் என்னிடம் நின்றுவிட்டது.

அதைப் பற்றிக் கதைக்க எனக்கு ஓர் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. எங்கள் ஊர் நீர்வேலி முழுக்கச் சிபாரிசு செய்தேன். "இஞ்சை லைற்றே இல்லை, உனக்கு விண்வெளி கேக்குதோ?" என்றார்கள். கடைசியில், வாழைக்குலை வியாபாரம் செய்த என் மனிசனுக்கு முன்னால் புத்தகத்தை வைத்தேன். வாசித்தால்தான் சோறு.

வாசித்த மனிசன் கொதித்துப்போனார்.

"உவன் என்ன விசரனோ? அந்தக் கிரகத்துக் குழியிலை ஊறின எண்ணெயிலை விளக்குக் கொளுத்திறான். பிறகேன் குந்தியிருந்து அழுகிறான்? மிஞ்சின நல்ல எண்ணெயிலை நாலு சொட்டைக் காபரேற்றருக்கை விட்டு உதைச்சா, மிச்சத்துக்கு உந்த எண்ணெயிலை ஓடும்தானே!"

பெற்றோல் வரத் தடையாயிருந்த அந்தப் போர்க்காலத்தில் அவருடைய மோட்டார் சைக்கிள் அப்படித்தான், சொட்டுப் பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடியது.

"விண்கலத்துக்குக் காபரேற்றர் இல்லையப்பா."

"இல்லாமல் எப்பிடி ஓடும்?"

மறுநாள் கூப்பன் சாமான் வாங்கச் சங்கக்கடை வரிசையில் நின்றவர்களுக்குக் கதையைத் தன் விருப்பத்துக்கு மாற்றிச் சொல்லியிருக்கிறார். அவன் உதைத்தானாம், கலம் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு கிளம்பியதாம், ஆள் பின்னேரத் தேத்தண்ணிக்கு வீட்டில் நின்றானாம். என் வீட்டுப் படலையில் சனம் புத்தகம் கேட்டு முட்டியது. முதலில் வாங்கிப்போன பக்கத்து வீட்டு ரீச்சர் திருப்பித் தரும்போது சொன்னா: "கதை நல்லாத்தான் கிடக்கு. கடைசியிலைதான் பிழையா அச்சடிச்சுப்போட்டாங்கள். உங்கடை அவர் சொன்னதுதான் சரி."

எனக்கு வந்ததே கோபம்! நேரே மனிசனிடம் போனேன்.

"அவன் வீட்டை போகாமல் அங்கையே சாகிறதுதான் முடிவு. அதை மாத்த நீங்கள் ஆர்?"

மனிசன் சின்னப் போத்தலை எடுத்து, காபரேற்றருக்குள் கவனமாகப் பெற்றோல் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"உன்ரை சிநேகிதி திரும்பி வந்து கேக்கேக்கை, அவன் வீட்டை போகேல்லை எண்டோ சொல்லப்போறாய்?"

சனியன் பிடித்த மனிசன்.

இன்றும் அந்தப் புத்தகத்தைத்தான் சிபாரிசு செய்கிறேன். கடைசி அத்தியாயத்தை மட்டும் வாசிக்காதீர்கள். மனிசனிடம் வந்து கேளுங்கள்.