மீற்றர் என்ன செய்யுது?

சாப்பாட்டு மேசையின் மூலையில் இருக்கும் சாம்பல் நிறப் பெட்டியைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறீர்கள். முகத்தில் ஒரு கண்ணாடி, அதற்குள் மெல்லிய முள். அந்த முள் எப்போதும் சுழியத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. "அப்பா, இதை எறிவமா?" என்று கேட்பீர்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

அது மின்சாரம் அளக்கும் மீற்றர். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், குட்மேய்ஸில் என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணையுடையது. கூடப்பிறந்தவர் இல்லை, ஆறு வயது மூத்தவர் என்பதால் அண்ணை. இருவருக்கும் அகதி வழக்கு முடியவில்லை. நான் பெற்றோல் நிலையத்திலும் அவர் பேக்கரியிலும் நின்றோம். வேலை முடிந்து வந்தால் யாருடையதாவது பழுதான ரேடியோவைத் திறந்து வைத்துக்கொள்வார். மீற்றரைப் போட்டுவிட்டு, "பொறு, சூடாகட்டும். இப்ப கேட்டா பொய் சொல்லும்" என்பார். பழைய மீற்றர், முள் நிலைகொள்ள அரைமணி நேரம் பிடிக்கும். அந்த அரைமணி நேரத்தில்தான் அவர் மனம்விட்டுப் பேசுவார். மனைவியைப் பற்றி, இன்னும் முகம் பார்க்காத மகளைப் பற்றி.

அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், என் ரேடியோவைச் சோதிக்க மீற்றரைக் கேளாமல் போட்டேன். பியூஸ் எரிந்தது. மின்சாரம் அளவுக்கு மிஞ்சினால் தான் எரிந்து மற்றதைக் காப்பாற்றுகிற கம்பி அது. சண்டைக் காலத்தில் ஊரில் பியூஸ் கிடைக்காது, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் சமாளிப்போம். கை அதையே செய்தது. சிறிது நேரத்தில் தார் உருகுவதுபோல் மணம், பிறகு புகை. உள்ளே மின்சாரத்தை மாற்றிக்கொடுக்கும் ட்ரான்ஸ்போமர் எரிந்துபோயிற்று.

அண்ணை வாசலிலேயே மோந்து பிடித்துவிட்டார். "என்னடா செய்தனீ?"

"நான் தொடேல்லை அண்ணை. காலமை நீங்கள்தான் நிப்பாட்டாமல் போயிட்டியள் போல."

அவர் மீற்றரின் வயரைச் சுவரிலிருந்து கழற்றினார். "ஓம், மறந்திட்டன் போல" என்றார்.

பொருத்தமான ட்ரான்ஸ்போமர் தேடினார், கிடைக்கவில்லை. ரேடியோக்கள் வருவதும் நின்றுவிட்டது. ஒரே அறையில் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம். பிறகு அவர் குடும்பத்தோடு சேரக் கனடா போனார். "நீயே வைச்சிரு" என்று மீற்றரை என் கையில் தந்தார். அங்கிருந்து எடுக்கும் ஒவ்வொரு போனிலும் கடைசியாகக் கேட்பார்: "மீற்றர் என்ன செய்யுது?"

"அப்பிடியே கிடக்கு அண்ணை."

"சரி, பாப்பம்."

இந்தக் குளிர்காலத்தில் அண்ணை மோசம்போய்விட்டார் என்று மரணச் செய்தி வந்தது. நீங்கள் இருவரும் படிக்கப் போய்விட்டீர்கள், அம்மாவுக்கு நீண்ட ஷிப்ட். இந்த ஹரோ வீட்டில் தனியாக இருந்து, இன்ரநெற்றில் தேடி அதே அளவு ட்ரான்ஸ்போமர் எடுப்பித்தேன். ஒவ்வொரு கம்பியிலும் துண்டுக் கடதாசி ஒட்டி, எது எங்கே இருந்தது என்று எழுதி, பழையதைக் கழற்றினேன். புதியது சற்று அகலம். துளைகள் பொருந்தாமல் இரண்டைப் புதிதாகப் போட்டேன். ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டினேன்.

கடைசியாகப் பின்பக்கத்து பியூஸ் மூடியைத் திருகினேன். அன்று பயத்தில் வெள்ளித்தாளை நான் எடுக்கவே இல்லை. கறுத்துப்போய் இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே, சரியான அளவில் ஒரு புது பியூஸ் இருந்தது. அந்த மூடியை எனக்குப் பிறகு அண்ணையைத் தவிர வேறு யாரும் திறந்ததில்லை.

அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பழியைத் தன்மேல் வைத்துக்கொண்டு, இத்தனை வருடமும் போனில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பிள்ளைகளே, எதையாவது உடைத்துவிட்டால் சொல்லிவிடுங்கள். கேட்கிறவர் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

மீற்றரைப் போட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் வந்தது. முள் எழும்பி அங்குமிங்கும் அலைந்தது. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து எதிரில் இருந்தேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அரைமணி நேரத்தில் முள் சுழியத்தில் வந்து நின்றது.

"நான்தான் அண்ணை எரிச்சது" என்றேன்.