கழுத்து மணி

அஜ்மானில் எங்கள் தொழிலாளர் கேம்பில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் பேசுவார். ஒல்லியான மனிதர், கழுத்தில் கயிறு உராய்ந்த தழும்பு. டிரைவர் வேலை என்று நம்பி வந்தவரை, விசா கொடுத்த கஃபீல் பாலைவனத்தில் ஆடு மேய்க்கவிட்டு, ஓடினால் தெரிய வேண்டுமென்று கழுத்தில் மணி கட்டியிருந்தான். தப்பி வந்து அதைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். பேசுமுன் அந்த மணியை ஆட்டுவார். பிறகு, தன்னை விற்ற ஏஜென்டின் பெயர், அப்பா பெயர், தெரு எல்லாம் சொல்வார்.

அந்த ஏஜென்ட் எங்கள் ஊர்க்காரர். கேம்பில் சொன்னது ஊர் வரை பரவியிருந்தது; லீவில் போனபோது என் கையைப் பிடித்து அழுதார். கேம்புக்குத் திரும்பி வந்ததும் மெஸ்ஸில் மணிக்காரரிடம் பேசினேன்.

"அண்ணே, அவரு பொண்ணுக்கு வர்ற வரனெல்லாம் தட்டிப்போகுதாம். பேரை மட்டும் விட்டுருங்களேன்."

குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்தபடியே சொன்னார்: "என்னைத் தேடி எங்கம்மா அவன் வீட்டுக்குப் போச்சு தம்பி. நாயை அவுத்துவிட்டான். எனக்கு ரெண்டு வருஷம் மணி கட்டுனாங்க. அவனுக்கு நான் கட்டியிருக்கேன். சாகுற வரைக்கும் கேக்கட்டும்."

அடுத்த ஞாயிறு ஏஜென்டின் பெயரைச் சொல்லிவிட்டு, "இவனுக்காகத் தூது வந்த ஆளும் இங்கதான் உக்காந்திருக்கான்" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை.

இப்போதும் தவறாமல் போய் உட்காருகிறேன். அவர் மணியை ஆட்டும்போதெல்லாம் என் கை கழுத்துக்குப் போகிறது.