மஞ்சள் கட்டம்

கிக்கூபோ சந்தின் மொத்தக் கடைகளுக்குச் சரக்கு இருப்பைக் காட்டும் கணினித் திரை வடிவமைப்பது நான்சிகோம்பியின் பிழைப்பு. முன்பு வாங்கிய இருவரும் திரையை அணைத்து வைத்துவிட்டார்கள். மிச்சம் சலோங்கோ. அந்த ஊரில் இரட்டைப் பிள்ளைகளின் தகப்பனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வாளி, பேசின் வியாபாரம். அவரிடம் நிலைத்தால் சந்தே வாங்கும். இல்லையென்றால் அறையைக் காலி செய்துகொண்டு மசாக்கா ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும்படி செய்திருந்தாள். விற்றது போக இருக்கவேண்டிய சரக்கு சரியாக இருந்தால் கட்டம் பச்சை; அதில் குறைந்தால் சிவப்பு.

சீக்கிரமே சிவப்பு ஏறியது. சலோங்கோ கிடங்கு ஆளைத் திட்டவில்லை. குறைந்தவை எதிர்க்கடைக்காரி நாக்கித்தோ எடுத்துப்போன பேசின்கள். அந்தச் சந்தில் சரக்கு இல்லை என்று யாரும் சொல்வதில்லை. வந்தவரை உட்காரவைத்துவிட்டு, பக்கத்துக் கடையிலிருந்து எடுத்துவந்து விற்பார்கள். லாரி வந்ததும் திருப்பி வைப்பார்கள். எழுதுவதில்லை. சொல்லவேண்டிய விஷயமாக யாருக்கும் தோன்றவில்லை. திரை செய்தபோது நான்சிகோம்பியும் கேட்கவில்லை.

சிவப்பு நாள் முழுக்க அவர் கண்ணெதிரே இருந்தது. கொடுப்பதை நிறுத்தினார்.

“பத்து பேசின் குடுங்க சலோங்கோ, ஆள் உக்காந்திருக்கு,” என்று வந்தாள் நாக்கித்தோ.

“குடுத்தா இது செவந்துடுதும்மா.”

“அப்ப அதுகிட்டயே வித்துக்குங்க.”

பிறகு அவருக்கும் யாரும் கொடுக்கவில்லை. வாளியோடு குடமும் கேட்டவர்கள் இரண்டும் கிடைக்கிற கடைக்குப் போனார்கள்.

நான்சிகோம்பி வந்தபோது திரை முழுக்கப் பச்சை. வாளிகள்மேல் தூசி.

“ஒண்ணுகூடக் கொறையலம்மா,” என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

அன்றே மஞ்சளில் ஒரு கட்டம் சேர்த்தாள். யார் எடுத்தது, எத்தனை என்று அது வைத்துக்கொள்ளும். மற்றவை பச்சையாகவே இருக்கும். சலோங்கோ பத்து பேசினைத் தானே சுமந்து எதிர்க்கடைக்குப் போனார். நாக்கித்தோ மசித்த வாழைக்காய் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் மஞ்சள் கட்டத்தைப் பற்றிச் சொன்னார்.

“வேணாம் சலோங்கோ. இத்தன வருசம் குடுத்து வாங்கினோம், என் பேர நீங்க எழுதினதில்ல. இப்ப எழுதப்போறீங்க.”

அவர் திரும்பிவந்து பேசின்களைப் பழைய இடத்தில் அடுக்கினார். மஞ்சள் கட்டத்தில் பூஜ்யம் இருந்தது.

“இந்தத் திரைய எப்படிம்மா அணைக்கிறது?”

நான்சிகோம்பி பொத்தானைக் காட்டினாள்.